அடிலெய்டில் ஒரு தெரு... பி.ஆர். கனவுக்கு ஒரு கணக்கு!

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில், தாவரவியல் பூங்கா வாசலில் டிராம் ஏறினால் டிக்கெட் எடுக்க வேண்டாம். நகர மையத்துக்குள் பயணம் இலவசம். நார்த் டெரஸ் என்ற அகலமான சாலையில் மேற்கு நோக்கி மெல்ல ஊர்ந்து போகிறது அந்த டிராம். காலை நேரத்தில் முதுகுப் பையோடு நிற்கும் மாணவர்களிடையே பஞ்சாபி, தெலுங்கு, தமிழ் என எல்லாம் காதில் விழும். எந்த மொழியானாலும் பேச்சு சுற்றிச் சுற்றி பி.ஆர். என்ற நிரந்தர வசிப்புரிமையில் வந்து நிற்கும்.

1836-ல் உருவான தெற்கு ஆஸ்திரேலியா, கைதிகளைக் கொண்டுவந்து குடியேற்றாத மாகாணம். விருப்பப்பட்டு வந்தவர்கள் கட்டிய ஊர் அடிலெய்டு. இன்றும் அப்படித்தான் பிள்ளைகள் வருகிறார்கள்.

டிராமின் ஜன்னல் வழியே பார்த்தால், அவர்கள் தேர்ந்தெடுக்கும் துறைகள் வரிசையாக வரும். முதலில் லாட் ஃபோர்ட்டீன். பழைய மருத்துவமனை வளாகமான இதில்தான் ஆஸ்திரேலிய விண்வெளி முகமையின் தலைமையகம் இருக்கிறது. அடுத்து 1874-ல் தொடங்கிய அடிலெய்டு பல்கலைக்கழகத்தின் பழைய கல் கட்டடங்கள். இதுவும் தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகமும் இணைந்து 2026 முதல் ஒன்றாகிவிட்டன. அருங்காட்சியகம், நூலகம், நாடாளுமன்றம், ரயில் நிலையம் தாண்டினால், காய் துருவி போலவே இருக்கும் மருத்துவ ஆராய்ச்சிக் கட்டடம். அதன் பக்கத்தில் 2017-ல் திறக்கப்பட்ட ராயல் அடிலெய்டு மருத்துவமனை.

ஏன் இந்த ஊர்?

குடியேற்ற விதிகளில் சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் மூன்றும் பெருநகரங்கள். மற்ற இடங்கள் எல்லாம் ‘ரீஜனல்’. விமான நிலையமும் பெரிய பல்கலைக்கழகமும் இருந்தும் அடிலெய்டு ரீஜனல் கணக்கில் வருகிறது. இங்கே 2 ஆண்டு படித்தால் 5 புள்ளிகள் கூடுதல்.

கணக்கு இப்படிப் போகும். 26 வயதுக்கு 30 புள்ளிகள். முதுகலைப் பட்டத்துக்கு 15. ஆஸ்திரேலியாவில் படித்ததற்கு 5, ரீஜனல் பகுதியில் படித்ததற்கு 5. திருமணமாகாதவர் என்றால் 10. மொத்தம் 65. விண்ணப்பிக்கக் குறைந்தபட்சத் தேவை இதுதான். நல்ல ஆங்கிலத்துக்கு 10 முதல் 20 வரை உண்டு. மொழிபெயர்ப்புத் திறன் தேர்வைத் தமிழில் எழுதித் தேறினாலும் 5 கிடைக்கும். மாநில அரசு 491 விசாவுக்குப் பரிந்துரைத்தால் 15. அந்த விசாவில் ரீஜனல் பகுதியில் 3 ஆண்டு வாழ்ந்து, வேலை செய்து, வருமான வரி ஆவணங்களைக் காட்டி பி.ஆருக்கு விண்ணப்பிக்கலாம்.

ஆனால் 65 எடுத்தவர்கள் எல்லோருக்கும் அழைப்பு வருவதில்லை. கணக்கியல் படித்தவர்களுக்குப் பல ஆண்டுகளாக அதைவிட மிக அதிகமான புள்ளிகள் தேவைப்பட்டன. புள்ளிகள் இருந்தாலும் படித்த தொழில் அரசின் பட்டியலில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியல்தான் மாறிக்கொண்டே இருக்கும்.

கரண்டி பிடித்தவர்களின் கதை

2000-களில் சமையலும் முடிதிருத்தமும் பி.ஆருக்கு எளிய வழி என்று பேச்சு பரவியது. அடுப்படியே பிடிக்காத பிள்ளைகள்கூட சமையல் கோர்ஸில் சேர்ந்தார்கள். அவர்களை நம்பியே புதிது புதிதாகக் கல்லூரிகள் முளைத்தன. 2010 பிப்ரவரியில் அரசு பழைய பட்டியலை ரத்து செய்தது. ஜூலையில் வந்த புதிய பட்டியலில் 181 தொழில்கள் மட்டுமே இருந்தன. சமையல்காரரும் முடிதிருத்துபவரும் அதில் இல்லை. பாதிப் படிப்பில் இருந்தவர்கள் கையில் கடனும், வேண்டாத சான்றிதழும்தான் மிஞ்சின.

படிப்பு முடிய 2, 3 ஆண்டுகள். பட்டியல் மாற ஒரே ஓர் அறிவிப்பு போதும்.

வெள்ளைச் சீருடை

டிராம் மருத்துவமனை நிறுத்தத்தில் நிற்கும்போது சீருடையோடு சிலர் இறங்குகிறார்கள். செவிலியர் படிப்பு பல ஆண்டுகளாகப் பட்டியலில் நீடிக்கிறது. அதற்காகவே சேருகிறவர்களும் உண்டு. ஆனால் அந்தப் படிப்பில் குறைந்தது 800 மணி நேர மருத்துவமனைப் பயிற்சி கட்டாயம், அதுவும் சம்பளமில்லாமல். பயிற்சி நாட்களில் பகுதிநேர வேலைக்குப் போக நேரம் கிடைக்காது; வாடகை மட்டும் நிற்காது. இரவு முழுக்க நோயாளியோடு நிற்க மனம் இருப்பவருக்கு இது தொழில். மனம் இல்லாதவருக்கு முதல் வாரமே தண்டனை.

ஆசிரியர் படிப்பும் அப்படித்தான். தகுதி மதிப்பீட்டுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் பேசுவதிலும் கேட்பதிலும் 8 மதிப்பெண் கேட்பார்கள்.

பணம் கட்டும் முன்...

மாணவர் விசா கட்டணமே 2025 ஜூலை முதல் 2,000 ஆஸ்திரேலிய டாலர். நகையையோ நிலத்தையோ அடகு வைத்து அனுப்பும் குடும்பங்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. படிப்பு முடிந்ததும் அந்தத் தொழிலுக்குத் தகுதிச் சான்று தருவது எந்த அமைப்பு, அது என்ன கேட்கிறது? அந்த ஊரில் அந்த வேலைக்கு ஆள் தேவையா? நாளையே பட்டியலில் இருந்து அந்தத் தொழிலை நீக்கிவிட்டால், இந்தப் படிப்போடு ஊர் திரும்பினாலும் பிழைக்க முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு ‘முடியும்’ என்று சொல்ல முடிகிற பிள்ளை, நார்த் டெரஸ் டிராமில் கொஞ்சம் நிம்மதியாகவே உட்கார்ந்து போகலாம்.