ஜன்னல் கம்பியில் கட்டப்பட்டவள்

சிங்கப்பூர் பீஷானில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் வீட்டு வேலை பார்த்த மியான்மர்ப் பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. வயது 24. ஊரில் மூன்று வயது மகன். 2015 மே மாதம் வேலைக்கு வந்தபோது எடை 39 கிலோ. 2016 ஜூலையில் இறந்தபோது 24 கிலோ.

சாப்பிடத் தண்ணீரில் நனைத்த ரொட்டி. இரவில் ஐந்து மணி நேரம்தான் தூக்கம். கடைசி நாட்களில் அதுவும் ஜன்னல் கம்பியில் கட்டிப்போட்டுத்தான். அந்தக் கடைசி நாட்களில் அவள் பட்ட அடியும் கொடுமையும் அந்த வீட்டு கேமராவிலேயே பதிவாகியிருந்தன. முதலாளி அம்மாவுக்கு 2021-இல் 30 ஆண்டு சிறை.

எனக்கு ஆறவே ஆறாதது இன்னொன்று. அவளிடம் போன் கிடையாது, விடுமுறை கிடையாது. ஏஜென்சி வழியாக வந்தவள், டாக்டரும் பார்த்திருக்கிறார். ஆனாலும் யாரும் அவளைக் காப்பாற்றவில்லை. அடிக்கிறவர் பக்கத்திலேயே நிற்கும்போது "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டால் அவள் என்ன சொல்லுவாள்?

இப்போது அங்கே வீட்டுப் பணிப்பெண்களின் மருத்துவப் பரிசோதனையில் காயங்களையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். 2023 முதல் மாதம் ஒரு நாளாவது விடுமுறை கட்டாயம். அந்த நாளுக்குப் பதிலாகக் காசு கொடுத்துச் சரிக்கட்ட முடியாது. நல்லதுதான். ஆனால் மாதம் ஒரு நாள் போதாது. வாரம் ஒரு நாள் வெளியே போகட்டும், கையில் போன் இருக்கட்டும். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவிடம் போன் இருக்கிறதா, தயவுசெய்து பாருங்கள்.