கண்ணில் பறக்கும் பூச்சியும் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையும்

எட்டயபுரம் என்றதும் பாரதியார்தான் முதலில் நினைவுக்கு வருவார். சங்கீதம் தெரிந்தவர்களுக்கு முத்துசுவாமி தீட்சிதரின் சமாதி நினைவுக்கு வரும். ஆனால் கண் வைத்தியத்துக்கும் இந்தக் கரிசல் மண்ணுக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. மதுரையில் 1976ல் வெறும் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, எட்டயபுரம் வட்டாரத்து அயன் வடமலாபுரத்தில் 1918ல் பிறந்தவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப் போன பிறகும் அதே விரல்களால் ஒரு லட்சத்துக்கும் மேலான கண் ஆபரேஷன்களைச் செய்தவர். 2006ல் மறைந்தார்.

அவர் பிறந்த வட்டாரத்திலும் அதிகம் பேசப்படாத ஒரு கண் பிரச்சினை உண்டு. இதய நோய்க்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவரின் கண்ணுக்குள் திடீரென்று கறுப்பாகப் பறந்தால் என்ன செய்வது?

எட்டயபுரத்தில் வால்வு மாற்றிக்கொண்ட, அறுபது வயதான ஒரு அண்ணாச்சியை நினைத்துக் கொள்ளுங்கள். காலையில் எழுந்தால் வலது கண்ணில் கொசுக் கூட்டம் போல ஏதோ மிதக்கிறது. கையை வீசினால் போகவில்லை. கண்ணைத் திருப்பினால் அதுவும் கூடவே வருகிறது. மதியத்துக்குள் புகை படர்ந்த மாதிரி ஆகிவிடுகிறது. வலி கிடையாது. கண்ணும் சிவக்கவில்லை.

வலி இல்லை என்பதுதான் இதில் பெரிய ஆபத்து! வலி இருந்தால் ஓடியிருப்பார். வலி இல்லாததால் "உடம்புச் சூடு அண்ணாச்சி, தலைக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிங்க" என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். ஒருவர் நந்தியாவட்டைப் பூவை வைக்கச் சொல்வார், இன்னொருவர் விளக்கெண்ணெய் விடச் சொல்வார். விவரம் தெரிந்தவர் என்று பேர் வாங்கிய மூன்றாமவர், "ரத்தம் நீர்த்துப் போச்சு, அந்த மாத்திரைய நாலு நாளைக்கு நிறுத்துங்க" என்பார். கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் எல்லாவற்றிலும் மோசமான யோசனை அதுதான்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

விழிக்குள் முட்டை வெள்ளைக்கரு போன்ற ஒரு கூழ் நிறைந்திருக்கிறது. அளவு சுமார் 4 மில்லி, பெரும்பகுதி தண்ணீர். ஐம்பது அறுபது வயதுக்கு மேல் இந்தக் கூழ் இளகிச் சுருங்கி, பின்னால் இருக்கும் விழித்திரையை விட்டுப் பிரியும். அப்போது நூலும் புள்ளியும் மிதப்பது போலத் தெரியும். பெரும்பாலானவர்களுக்கு இதனால் கெடுதல் இல்லை. ஆனால் பிரியும்போது சில இடங்களில் கூழ் விழித்திரையைப் பிடித்து இழுத்துக் கிழித்துவிடும். புதிதாகப் பூச்சி பறக்கிறது என்று வருகிறவர்களில் ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவரிடம் இப்படிக் கிழிசல் காணப்படுகிறது. கூடவே ரத்தமும் கசிந்திருந்தால் கிழிசல் இருக்கும் வாய்ப்பு இன்னும் மிக அதிகம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். மாத்திரை விழித்திரையைக் கிழிப்பதில்லை. கிழிந்த இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அறுந்தால், சீக்கிரம் நிற்க வேண்டிய கசிவை அது நீட்டிக்கிறது. ஒரு புள்ளியாக நிற்க வேண்டியது புகைமூட்டமாகிவிடும். சர்க்கரை நோய் இருந்தால் விழித்திரையில் புதிதாக முளைத்த பலவீனமான குழாய்கள் உடைந்தும் ரத்தம் வரலாம். அப்படியானால் பிரச்சினையின் வேர் மாத்திரையில் இல்லை, கண்ணில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் மாத்திரையை நிறுத்தி என்ன பயன்?

மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது?

தென் மாவட்டங்களிலிருந்து இதய ஆபரேஷனுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் உண்டு. இந்தியாவிலேயே செய்த சித்ரா வால்வு முதன்முதலில் 1990 டிசம்பர் 6ல் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது அங்கேதான். இப்படிப்பட்ட செயற்கை வால்வில் ரத்தம் கட்டிப் போகாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். நிறுத்தினால் கட்டி உருவாகி வால்வு அடைபடலாம். துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். கண்ணில் கசிந்த ரத்தம் பல சமயம் நாளடைவில் தானே கரைந்துவிடும். பக்கவாதத்தில் போன கை அப்படித் திரும்பி வருமா?

வார்ஃபரின் 1948ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது உண்மைதான். 1954ல் மனிதர்களுக்கான மருந்தாக அனுமதி பெற்றது. மறுவருடமே மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கும் கொடுத்தார்கள். ஆகவே பயம் பேரில் இல்லை, அளவில் இருக்கிறது. அந்த அளவைக் காட்டுவது ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. பலருக்கு அது 2 முதல் 3 வரை இருக்க வேண்டும், சில வால்வுகளுக்குச் சற்று அதிகம். மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை, சில ஆன்டிபயாடிக், நாட்டு மருந்து இவையெல்லாம் ரத்தக்கசிவைக் கூட்டலாம். முருங்கைக்கீரையை ஒரு வாரம் தினமும் தின்று மறுவாரம் தொடாமல் விட்டாலும் கணக்கு மாறும். கீரையை விட வேண்டியதில்லை, எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும்.

என்ன செய்ய வேண்டும்?

திடீரென்று நிறையப் பூச்சி பறந்தாலோ, மின்னல் வெட்டியது போலத் தெரிந்தாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்கியது போல மறைத்தாலோ, அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். வெள்ளிக்கிழமை போகட்டும், அறுவடை முடியட்டும் என்று தள்ளக் கூடாது. கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்துப் பார்ப்பார்கள், சில மணி நேரம் பார்வை மங்கும். அதனால் வண்டியைத் தானே ஓட்டாமல் துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது. ரத்தம் மறைத்தால் ஸ்கேன் எடுப்பார்கள். கிழிசல் மட்டும் இருந்தால் லேசர் சிகிச்சையோடு பெரும்பாலும் முடிந்துவிடும், அன்றே வீடு திரும்பலாம். விழித்திரை பிரிந்துவிட்டால் பெரிய ஆபரேஷன்தான்.

மாத்திரைச் சீட்டையும் கடைசி ஐ.என்.ஆர். ரிப்போர்ட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும். அளவைக் குறைப்பதா, அப்படியே தொடர்வதா என்பதைக் கண் டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். அது வரை இரவில் தலையணையை உயர்த்திப் படுத்தால் ரத்தம் கீழே படிந்து பார்வை கொஞ்சம் தெளியும். தலைவலி, வாய் குழறல், கருப்பு மலம் இவையும் சேர்ந்தால் கண் ஆஸ்பத்திரிக்கு அல்ல, நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ போக பஸ் இருக்கிறது. வெங்கடசாமி தொடங்கிய மருத்துவமனை 1988லேயே திருநெல்வேலிக்கும் வந்துவிட்டது. தூரம் இன்று பெரிய தடையில்லை, "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற எண்ணம்தான் தடை. அப்பாவோ தாத்தாவோ இந்த மாத்திரை சாப்பிடுகிற வீட்டில், பிள்ளைகள் இரண்டே விஷயத்தைச் சொல்லி வைத்தால் போதும்: மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, கண்ணைக் காட்டாமல் ஒரு ராத்திரியைக் கூடக் கடத்தக் கூடாது.