அண்ணிக்குத் தெரிந்த என்ஜின் சத்தம்

நெரவி,
தை மாதம், திங்கள் இரவு

அன்புத் தோழிக்கு,

இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் மீன் வாசம் போகவில்லை. போகவேண்டாம் என்றும் இருக்கிறது. அது இருக்கும்போதே உனக்கு எழுதிவிட உட்கார்ந்துவிட்டேன். பாரிஸில் கடல் வாசமே மறந்துபோச்சு என்று போன மாதம் சொல்லி அழுதாயே, அதற்காகவும்தான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கோடியக்கரையில் இருந்தோம். லாட்ஜில் இல்லை, மீன்பிடி வாடியில், ஒரு கீற்றுக் கொட்டகையில். என் வீட்டுக்காரருடைய பள்ளிக்கூடக் கூட்டாளி பட்டினச்சேரி அண்ணனை உனக்கு ஞாபகம் இருக்கும். என் மறுவீட்டு விருந்துக்கு ஒரு பெட்டி வெள்ளை வாவல் கொண்டுவந்து இறக்கினாரே, அவர்தான். வருஷா வருஷம் ஐப்பசியில் படகு, வலை, சட்டி பானை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அங்கே போய்விடுவார். மாசி வரைக்கும் அதுதான் வீடு. நம் காரைக்கால் கரையிலிருந்தும் நாகைக் கரையிலிருந்தும் இப்படி எத்தனையோ குடும்பங்கள் சீசனுக்குப் போகின்றன. பத்து வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தையில்தான் வாய்த்தது.

விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். வாஞ்சூர் செக்போஸ்ட்டைத் தாண்டும்போது கூட வந்த மாமா வழக்கம்போல, "இதுதான் பிரெஞ்சுக்காரன் எல்லை, இந்தப் பக்கம் வந்தா பையைத் திறந்து காட்டணும்" என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப்போன 1954-இல் அவர் சின்னப் பையன். நாகையும் வேளாங்கண்ணியும் தூக்கத்திலேயே போய்விட்டன. வேதாரண்யம் தாண்டி அகஸ்தியன்பள்ளி உப்பளம் வந்தபோது வெளுத்திருந்தது. 1930-இல் திருச்சியிலிருந்து நடந்துவந்து ராஜாஜி உப்பெடுத்த மண். இரண்டு பக்கமும் உப்புக் குவியல்மேல் பனங்கீற்றுப் போர்த்தி வைத்திருந்தார்கள்.

காலை வெயில் ஏறுவதற்குள் சரணாலயத்துக்குள் போனோம். 1967-இல் வெளிமானுக்காகவே ஏற்படுத்திய காடு அது. புல்வெளி நடுவில் முறுக்கிய கொம்போடு ஓர் ஆண் மான் நின்றது. முதுகு கறுப்பு, வயிறு சுண்ணாம்பு வெள்ளை. சுற்றிலும் பெட்டைகள் காய்ந்த புல் நிறத்தில். நாங்கள் நின்றோம், அதுவும் நின்றது. பிறகு ஒன்று குதித்தது பார், வரிசையாக எல்லாம் குதித்தன. மகள் கைபேசியை எடுக்கக்கூட மறந்துபோனாள்.

மாமா மட்டும் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள், இந்த மான்களில் சிலதான் செத்து நம் காரைக்கால் கரையில் வந்து ஒதுங்கின. மாமா அன்றைக்குக் கடற்கரைக்குப் போய்ப் பார்த்தவர். "இங்கேருந்து அங்கே வரைக்கும் கடல் தூக்கிட்டு வந்துது" என்றார். கோடியக்கரை நமக்கு எங்கேயோ இருக்கிற ஊர் என்று நான் நினைத்திருந்தேன். அந்தப் பேச்சுக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

சதுப்புநிலத்தில் பூநாரைகள் தூரத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோடாகத்தான் தெரிந்தன. வனத்துறைக்காரர் ஒருவர் தொலைநோக்கி கொடுத்தார். தலையைக் கவிழ்த்து, அலகைத் தண்ணீருக்குள் தலைகீழாக வைத்து அலசுகிறது. தின்னுகிற பாசியிலும் கூனி இறாலிலும் இருந்துதான் அந்த நிறம் இறகுக்கு ஏறுகிறதாம். ஆனால் என் மனசைப் பிடித்தது கொசு உள்ளான்தான். முப்பது கிராம் இருக்குமோ என்னவோ, என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வடதுருவத்தை ஒட்டிய பனிவெளியில் குஞ்சு பொரித்துவிட்டு இந்தச் சேற்றுக்குப் பறந்து வருகிறது. பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலி வந்து நின்ற இடம் இது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே தங்கிப் பறவைகளுக்குக் கால் வளையம் போடுகிறார்கள். அந்த வளையம் இல்லாவிட்டால் எந்தக் குருவி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்?

மத்தியானம் வாடிக்கு வந்தோம். மணலில் வரிசையாகக் கொட்டகைகள், மேலே தார்ப்பாய், உள்ளே ஒரு கட்டிலும் ஒரு சாமி படமும். நம்மூர்க் கடல் கிழக்கே மட்டும்தானே? அங்கே கரை திரும்பிவிடுகிறது, கடல் தெற்கேயும் இருக்கிறது. வங்கக் கடலும் பாக் நீரிணையும் சேர்கிற மூலை. மூன்று மணிக்கு அண்ணனும் இன்னும் மூன்று பேரும் பைபர் படகைத் தள்ளிக்கொண்டு போனார்கள். விடியற்காலைதான் திரும்புவார்கள். போகும்போது கரையில் யாரும் டாட்டா காட்டவில்லை. அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதினாள்.

சாயங்காலம் அண்ணனின் அப்பா என் மகனுக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுத்தார். இறால் துண்டைக் கோத்து, முழங்கால் தண்ணீரில் நின்று வீசச் சொன்னார். முதலில் மாட்டியது ஒரு கெளுத்தி. பையன் கையை நீட்டினான். பெரியவர் கையைத் தட்டிவிட்டு, முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள்ளையும் குறடால் ஒடித்த பிறகுதான் கொடுத்தார். "இது குத்துனா ராத்திரி பூரா கடுக்கும்டா தம்பி." அதற்கப்புறம் ஆறு கிழங்கான். பிள்ளை பெற்றவளுக்குக் குழம்பு வைப்பார்களே, அந்த மீன். அவன் பிடித்ததை அண்ணி தனியாகப் பொரித்து அவன் தட்டிலேயே வைத்தாள். அவனுக்கு ராஜா ஆன மாதிரி.

இரவுதான் உனக்கு எழுத வேண்டியது. வாடைக்காற்று கீற்றைப் பிய்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை, அண்ணிக்கும் இல்லை. அவள் தினமும் இப்படித்தானாம். அங்கிருந்து இலங்கை ஐம்பது கிலோமீட்டர் அளவுதான். 1974-இலும் 1976-இலும் டெல்லியும் கொழும்பும் பேசி வரைந்த கோடு கடலில் கண்ணுக்குத் தெரியாது. காற்று மாறி, நீரோட்டம் இழுத்தால் வலை தானாக அந்தப் பக்கம் போய்விடும். வலைக்குப் பின்னால் ஆளும் போகவேண்டும். நடுக்கடலில் அடித்து, வலையையும் ஜிபிஎஸ்ஸையும் பிடுங்கிக்கொண்டு விட்ட கதைகளை அவள் சாதாரணமாகச் சொன்னாள், நாம் கரண்ட் போனதைச் சொல்வதுபோல.

நாலரை மணி இருக்கும். நாலைந்து படகுகள் தூரத்தில் வருகிற சத்தம். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்டது. அண்ணி படுத்திருந்தபடியே, "இது நம்மளுது இல்ல" என்றாள். இன்னொன்று. "இதுவும் இல்ல." கொஞ்ச நேரம் கழித்து எழுந்து கூந்தலை அள்ளி முடிந்தாள். "வந்துட்டாங்க." இருட்டில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கால் மணி நேரத்தில் அண்ணனின் படகு கரையில் முட்டியது. எத்தனை வருஷம் இப்படிப் படுத்துக் கேட்டிருந்தால் அந்தக் காது வரும்! மார்க்கெட்டில் மீன்காரம்மாவிடம் கிலோவுக்கு இருபது ரூபாய் குறைக்கச் சொல்லி நின்ற என் வாயை நினைத்துக்கொண்டேன்.

காலா கொஞ்சம், வாவல் கொஞ்சம், ஒரு திருக்கை, நண்டு. ஐஸ் போட்டு ஏலத்துக்குப் போய்விட்டது. வீட்டுக்கு என்று எடுத்துவைத்தது காரைப்பொடிதான். அதில் வைத்த குழம்பை மாமா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

வெயில் வந்ததும் அண்ணன் வலையைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். நரம்பு வலை, வெயிலில் பார்த்தால் இருப்பதே தெரியாது. நடுவில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. கிழிந்தது இல்லை, ஓரமெல்லாம் கத்தியால் அறுத்தது. ராத்திரி ஏதாவது தகராறோ என்று எனக்குப் பகீரென்றது. கேட்டேன்.

"ஆம தங்கச்சி. பங்குனி ஆம. துடுப்புல நாலு சுத்து சுத்திக்கிச்சு. அதுக்கு மூச்சு எடுக்க மேல வந்தாகணும், நாம முடிச்சைப் பிரிச்சுக்கிட்டு இருந்தா செத்துப்போயிடும். அறுத்துட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். வலை ஊசியில் நூலைச் சுற்றி, ஒரு கண்ணுக்கு ஒரு முடிச்சு, கட்டைவிரலால் அளந்து அளந்து போட்டார். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு சாண் கூட அடையவில்லை. அந்த ஓட்டையை அடைக்க இரண்டு நாள் ஆகும் என்றார். ஆமைக்குச் சட்டப் பாதுகாப்பு இருப்பது எனக்குப் படித்துத் தெரியும். அந்த இருட்டில், அந்தப் படகில், சட்டம் பார்க்க யார் இருந்தார்கள்? அவர் கையில் கத்தியும், எதிரில் மூச்சுக்குத் தவிக்கிற ஒரு உயிரும் தவிர.

கிளம்புமுன் ஆமை முட்டைப் பொரிப்பகத்தைப் போய்ப் பார்த்தோம். கடற்கரையில் ஆமை இட்டுவிட்டுப் போன முட்டைகளை நாயும் நரியும் தோண்டுவதற்குள் வனத்துறையினர் எடுத்துவந்து, வேலி போட்ட மணலில் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். ஒரு குழிக்கு நூறு முட்டை அளவு. ஒவ்வொரு குழிமேலும் தேதி எழுதிய அட்டை. ஐம்பது நாள் அளவில் பொரியும். மகன் விரல்விட்டு எண்ணி, "அப்போ மாசியிலதான் குட்டி வரும்" என்றான்.

அண்ணியும் மாசியைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறாள். மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு வருவாரே, மீனவர் வீட்டுப் பெண்ணைக் கட்டிய மாப்பிள்ளை என்று தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்களே, அதற்கு வாடியைப் பிரித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவார்களாம். "மாப்புள்ள வர்றப்ப மாமியார் வீட்டுல ஆள் இல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டாள்.

உனக்கு ஒரு கிலோ வாவல் கருவாடு கொடுத்துவிட்டிருக்கிறாள். உன் தம்பி பாரிஸ் வரும்போது கொடுத்தனுப்பலாமா, இல்லை மாசி மகத்துக்கு நீயே வருகிறாயா என்று உடனே எழுது.

உன் தோழி