மட்டாஞ்சேரி முதல் ஆலப்புழை வரை: கரையோரமாய் ஒரு நாள்



பிழைப்புக்காக நகரத்தில் குடியேறிய நம் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் சொந்த ஊர்ப் பயணம் ஒன்றே. திருமணம், துக்க வீடு, வீட்டுப் பிரதிஷ்டை என்று எடுத்த விடுப்பெல்லாம் அங்கேயே தீர்ந்துபோகிறது. சுற்றுலா என்பது வசதியுள்ளவர்களுக்கு உரியது என்று நாமே தீர்மானித்து, பிள்ளைகளின் ஆசையையும் அடக்கிவிடுகிறோம். அந்தத் தீர்மானம் தவறு. வாடகை வண்டியும் படகு வீடும் இல்லாமல், பேருந்திலும் ரயிலிலும் குடும்பமாய்ச் சென்று வரத்தக்க ஒரு கடற்கரைப் பாதை கொச்சிக்குத் தெற்கே இருக்கிறது. மட்டாஞ்சேரியில் தொடங்கி ஆலப்புழையில் முடியும் இப்பாதை ஏறக்குறைய 55 கிலோமீட்டர். தேசிய நெடுஞ்சாலை சற்று உள்ளே தள்ளிச் செல்வதால், பயணிகளில் பெரும்பாலோர் இக்கரையைப் பார்ப்பதேயில்லை.

முதலில் மாதத்தைத் தெரிந்தெடுங்கள்

செலவைக் குறைப்பதற்கு முன் காலத்தைத் தெரிந்தெடுப்பது அவசியம். ஜூன், ஜூலை மாதங்களில் இங்கே தென்மேற்குப் பருவமழை வலுக்கும். கடல் சாலை வரை ஏறி வரும். ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை கேரளத்தில் விசைப்படகுகளின் இழுவலை மீன்பிடிப்புக்குத் தடை இருப்பதால் மீன் விலையும் கூடுதல். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையே ஏற்ற காலம். ஆயினும் ஜனவரி 20-ஐ ஒட்டிய நாள்களில் அர்த்துங்கல் திருவிழாக் கூட்டத்தால் பேருந்தில் நிற்கவும் இடம் கிடைக்காது என்பதை நினைவில் வையுங்கள். சனிக்கிழமை அதிகாலையில் தொடங்கினால் கொச்சியில் வசிப்போர் இரவுக்குள் வீடு திரும்பி, ஞாயிறு ஆராதனையில் தவறாமல் கலந்துகொள்ளலாம்.

மட்டாஞ்சேரியின் காலை

மட்டாஞ்சேரி அரண்மனை 1555-ஆம் ஆண்டையொட்டிப் போர்ச்சுகீசியரால் கட்டப்பட்டுக் கொச்சி அரசருக்கு அளிக்கப்பட்டது. 1663-இல் டச்சுக்காரர் அதைப் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்ற பெயர் நிலைத்தது. அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அருகிலுள்ள, 1568-இல் எழுப்பப்பட்ட பரதேசி யூத ஜெப ஆலயம் வெள்ளி, சனி இரு நாளும் பார்வையாளருக்கு மூடியிருக்கும். இரண்டையும் காண விரும்புவோர் வேறு நாளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்துள்ள ஃபோர்ட் கொச்சியின் வெளுப்புக்கூடத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அங்கே துணி வெளுப்போர் தமிழ் பேசும் குடும்பத்தார். டச்சுக்காரர் காலத்தில் தங்கள் முன்னோர் இங்கே கொண்டுவரப்பட்டதாகச் சொல்கிறார்கள். பிழைப்பைத் தேடி ஊரைவிட்டு வந்தவர்களில் நாம் முதல்வர் அல்ல என்பதைப் பிள்ளைகள் அங்கே கண்ணால் காண்பார்கள்.

செல்லானம்

தோப்பும்படியிலிருந்து செல்லானத்துக்குப் பேருந்துகள் உண்டு. கண்ணமாலியைத் தாண்டியதும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பொக்காளி வயல்கள். உப்பு நீரைத் தாங்கும் இந்நெல்லை மழைக்காலத்தில் விளைவித்து, நவம்பர் முதல் ஏப்ரல் வரை அதே வயலில் இறால் வளர்க்கிறார்கள். 2008-இல் பொக்காளி அரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இங்கே ஜன்னல் வழியாய் ரசித்துவிட்டுப் போய்விடாதீர்கள். இறங்கி நடந்து பாருங்கள். 2017-இல் ஒக்கிப் புயலின்போதும், 2021 மே மாதம் தௌக்தே புயலின்போதும் இவ்வூர் வீடுகளுக்குள் கடல் புகுந்தது. சுவர் இடிந்து, பாத்திரமும் படுக்கையும் மணலில் புதைந்தன. 2022-இல் பணி தொடங்கி, டெட்ராபாட் எனப்படும் நான்கு கால் கான்கிரீட் கட்டிகளால் ஏழு கிலோமீட்டருக்கு மேல் தடுப்புச் சுவர் எழுப்பப்பட்டது. சுவர் எட்டாத கண்ணமாலிப் பக்கத்திலோ அதன் பின்னரும் மழைக்காலங்களில் கடல் புகுந்திருக்கிறது. நமக்கு ஒரு நாள் காட்சியாய் இருக்கும் அலை, அங்குள்ளோருக்கு ஆண்டுதோறும் வரும் அச்சம்.

காற்றோ மழையோ இல்லாதபோதும் திடீரென ஏறிவரும் அலையைக் கேரள மீனவர் கள்ளக்கடல் என்பர். தொலைதூரக் கடலில் எழும் பேரலைகளே அதற்குக் காரணம். எனவே பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்குமுன் உள்ளூர் மீனவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆலப்புழை வரை

தெற்கே அந்தகாரனழியில் உள்நீர் கடலோடு சேர்கிறது. அழி என்றால் முகத்துவாரம். அதற்கும் தெற்கே அர்த்துங்கல். போர்ச்சுகீசியர் காலத்துப் பழமையுள்ள அங்குள்ள புனித அந்திரேயா தேவாலயம் 2010-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. சபரிமலை சென்று திரும்புவோர் பலர் இங்கே வந்து மாலையைக் கழற்றும் வழக்கம் உண்டு. பின் மாராரிக்குளம் வழியாய் ஆலப்புழை. 1862-இல் ஒளியேற்றப்பட்ட கலங்கரை விளக்கமும், பழைய கடற்பாலத்தின் எஞ்சிய தூண்களும் இது பெரிய துறைமுகமாய் இருந்ததற்குச் சாட்சிகள். இடையில் பேருந்து மாற வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் அடுத்த வண்டி எங்கே, எப்போது என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்புவதற்கு எர்ணாகுளத்துக்கு ரயில் உண்டு. சென்னையில் வசிப்போர்க்கு ஆலப்புழை வரை நேரடி இரவு ரயிலே இருக்கிறது. அவர்கள் அதில் வந்திறங்கி, இதே பாதையை வடக்கு நோக்கிச் செய்யலாம்.

நான்கு உறைகள்

ஒதுக்கும் தொகை எவ்வளவாயினும் புறப்படுமுன் அதை நான்கு உறைகளில் பிரித்து வையுங்கள். முதல் உறை பேருந்துக்கும் ரயிலுக்கும். இரண்டாவது உணவுக்கு: காலையில் புட்டும் கடலைக்கறியும், மதியம் ‘ஊண்’ கிடைக்கும் சிறு வீட்டுக் கடைகளில் சோறும் மீன்கறியும். தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். மூன்றாவது அவசரத்துக்கு; தேவை வராவிட்டால் பிரிக்காமலே வீட்டுக்குத் திரும்பட்டும்.

நான்காவது உறையைக் கரையோரத்து மக்களிடமே செலவிடுங்கள். ஒரு கிலோ பொக்காளி அரிசி, கொஞ்சம் கருவாடு, ஒரு கயிற்று மிதியடி போதும். பேரம் பேசாமல் வாங்குங்கள். அது தர்மமல்ல, உழைப்புக்குரிய விலை. வாடகை வண்டியைத் தவிர்த்து நாம் மிச்சப்படுத்திய பணத்தில் ஒரு பங்கு, அலைக்கு அஞ்சி வாழும் ஒரு வீட்டின் அடுப்பை எரிக்கும்.

வாடகை வீட்டில் வாழும் நமக்கு, வீடு நிலையற்றுப் போவதன் வேதனை புரியாததல்ல. அதைப் பிள்ளைகளும் அறிந்து திரும்புவார்களானால், இந்த ஒரு நாள் வீண்போகவில்லை.