சுழியைக் கேள்!

பெரிய தொகை ஒன்றைக் கேட்டதும் வாய்பிளந்து நிற்பது நம்மவர்க்கு வழக்கமாகிவிட்டது. "பில்லியன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும். அது எத்தனை என்று கேட்பாரில்லை. கேளாமல் வணங்கும் பழக்கம் கோயில் வாயிலோடு நின்றதா? செய்தித்தாள் வரையில் வந்துவிட்டது!

2012-ஆம் ஆண்டு ஒரகடத்தில் டைம்லர் நிறுவனத்தின் சரக்குந்துத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. முதலீடு 700 மில்லியன் யூரோவுக்கு மேல் என்றனர். அதாவது 70 கோடி யூரோ. ரூபாயில் ஏறத்தாழ 4,400 கோடி. மில்லியன் என்னும் அளவுவரை ஆங்கிலமும் செருமானியமும் தோளோடு தோள் சேர்ந்து நடக்கின்றன. அதற்கு மேல்தான் வழி பிரிகிறது.

ஆயிரம் மில்லியனை, நம் கணக்கில் நூறு கோடியை, ஆங்கிலேயர் பில்லியன் என்பர். செருமானியர் மில்லியார்டெ என்பர். செருமானியரிடமும் பில்லியோன் என்றொரு சொல் உண்டு. ஆனால் அது மில்லியன் மில்லியன். நமக்கு இலட்சம் கோடி! சொல்லின் உருவம் ஒன்று, பொருளோ ஆயிரம் மடங்கு வேறு. புள்ளியின் கதையும் இதுவே. 4.400 என்பது ஆங்கிலத்தில் நான்கும் சிறு பின்னமும். செருமானியத்தில் நாலாயிரத்து நானூறு.

ஆங்கிலம்தான் மாறாத மறைமொழியோ? அன்று. பிரிட்டனிலும் முன்னர் பில்லியன் என்றால் மில்லியன் மில்லியனே. அரசுக் கணக்கில் அது ஆயிரம் மில்லியனையே குறிக்கும் என்று 1974-இல் பிரதமர் ஹெரால்ட் வில்சன் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். மனிதர் வகுத்தது, மனிதரே மாற்றினர்.

1923 நவம்பரில் செருமனியில் ஒரு டாலரின் விலை 4.2 இலட்சம் கோடி மார்க். செருமானியர் அதை பில்லியோனில் சொன்னார்கள். அமெரிக்கர் டிரில்லியனில் சொன்னார்கள். பெயர் எதுவாயினும், உழைத்துச் சேர்த்தவனின் சேமிப்பு கரைந்தது. பன்னிரண்டு சுழிகளை அடித்துவிட்டே புதிய ரெண்டன்மார்க் பிறந்தது.

ஆம்பல், வெள்ளம் என்று பேரெண்களுக்குப் பெயரிட்டவர் நம் முன்னோர். தொல்காப்பியம் அப்பெயர்களுக்கு இலக்கணமும் கூறுகிறது. பெருமைதான். எனினும், இன்றைய ஒப்பந்தத்தைப் பழம்பெருமை நமக்குப் படித்துத் தருமா?

வகுப்பறையில் நாம் மாணவர்க்குச் சொல்வது இதுதான்: பெயரைக் கேளாதே, சுழியைக் கேள்! ஒன்பது சுழியெனில் நூறு கோடி; பன்னிரண்டெனில் இலட்சம் கோடி. ஆயிரம் பேருக்கு வேலை தரும் ஆலைக்கு நூறு கோடி முதலீடு என்றால், வேலை ஒன்றுக்குப் பத்து இலட்சம். அதே ஆயிரம் பேருக்கு இலட்சம் கோடி என்றால், வேலை ஒன்றுக்கு நூறு கோடி! இரண்டும் "பில்லியன்" என்ற ஒரே போர்வைக்குள் புகுந்துகொள்ளும்.

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை வேலைக்குச் செல்லும் தோழன் தன் கூலியைக் காசு தவறாமல் எண்ணத் தெரிந்தவன். தன் ஊருக்கு வந்த முதலையும், அதற்கு அளித்த சலுகையையும், கிடைத்த வேலையையும் அவனே வகுத்துப் பார்க்கட்டும். எண்ணத் தெரியாத தொகையைப் பற்றிக் கேள்வி கேட்க முடியாது. கேள்வி கேட்க முடியாதவனுக்குப் பங்கும் கிடைக்காது!