தேருக்கு முன்னால் போகும் முழக்கம்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக், பேட்லாக், செக்கிங் என்று செய்யும் வேலையை வைத்தே ஆளைச் சொல்வார்கள். அவிநாசியை ஒட்டிய தோப்பு ஒன்றில், சித்திரைத் தேருக்கு முந்தைய ஒரு ஞாயிறு மாலை அதே ஆட்களை வேறு அடையாளங்களோடு பார்த்தேன். இங்கே ஒருவர் கொம்பு, ஒருவர் எக்காளம், இன்னொருவர் கொடுகொட்டி. கயிலாய வாத்தியம் இசைக்கும் சிவனடியார் குழு அது. கூலி கிடையாது. வயது வேறுபாடும் இல்லை.

காரைக்கால் அம்மையார் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் கொக்கரை, தக்கை, தமருகம், குடமுழா, மொந்தை என்று ஒரு முழு வாத்தியக் கூட்டத்தையே அடுக்கிக் காட்டுகிறார். தேவாரத்திலும் இவற்றின் முழக்கம் உண்டு. பிற்காலத்தில் பல கருவிகள் ஏட்டில் மட்டும் தங்கின. கொடுகொட்டி போன்ற சில, திருவாரூர் மாதிரியான கோயில்களில் பிழைத்துக் கிடந்தன. கொங்கு நாட்டு அடியார் கூட்டங்கள் இன்று அந்தப் பெயர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்திருக்கின்றன.

கொம்பிலும் எக்காளத்திலும் விரல் வைக்கத் துளை இல்லை. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும்தான் ஒலியை ஏற்றி இறக்க வேண்டும். திருச்சின்னம் இன்னும் கடினம். இரண்டு குழல்களை ஒரே வாயில் வைத்து ஊத வேண்டும். தாளக்காரர் கையைப் பார்த்தே அத்தனை பேரும் நடை மாற்றுகிறார்கள். புதிதாகச் சேர்ந்த பையன் முந்திக்கொண்டு அடித்தபோது மூத்தவர் நிறுத்தினார். “கண்ணு, மொதல்ல பக்கத்தாளு அடிக்கறதக் கேளு. அப்பறம் நீ அடி.” “சரிங்கண்ணா” என்று பையன் குச்சியைத் தாழ்த்திக்கொண்டான்.

கம்பெனியில் இந்தக் கேட்டலுக்கு இடமில்லை. பீஸ் ரேட்டில் சட்டைக்குக் கை மட்டும் வைத்துத் தைப்பவர், அந்தச் சட்டை முழுமையாகி டப்பாவுக்குள் போவதைப் பார்ப்பதே அரிது. வாத்தியத்திலும் அவருக்கு ஒரு சின்னப் பங்குதான். ஆனால் தன் அடி எங்கே போய்ச் சேர்கிறது என்பது அந்த நொடியே அவர் காதுக்குத் தெரிகிறது. ஒன்றரை ஷிப்டு உழைத்த உடம்போடு அவர்கள் இங்கே வருவதற்கு, பக்திக்கு அடுத்த காரணம் இதுவே என்று நினைக்கிறேன்.

நெசவு ஊர்கள் இசைக்குழுவை வளர்த்தது உலகம் கண்டதுதான். பருத்தி நகரமான மான்செஸ்டரில் 1858-இல் ஹாலே இசைக்குழு தொடங்கியது. யார்க்‌ஷயரின் பிளாக் டைக் மில்லில் 1855-இல் உருவான தொழிலாளர் பித்தளை வாத்தியக் குழுவுக்கு, முதலாளி ஜான் ஃபாஸ்டர் சொந்த மில் துணியிலேயே சீருடை கொடுத்தார். அந்தக் குழு இன்றும் வாசிக்கிறது.

நம் ஊரில் வாத்தியம் அடிப்பதற்கு இன்னொரு கனமும் உண்டு. தோல் கருவியை அடித்ததற்காகவே பறைக் கலைஞர்களைத் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி வைத்த சமூகம் நம்முடையது. 2025-இல் பறை ஆசான் வேலுவுக்குப் பத்மஸ்ரீ வந்தது. இன்று தோளில் முழவு மாட்டித் தேருக்கு முன்னால் பெருமையோடு நடக்கும் ஒவ்வொருவரும், சாவு வீட்டில் பறையடிக்கும் கலைஞனுக்கும் அதே மரியாதையைக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். முழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முழக்கியவரை வாசலில் நிறுத்துவது அறமாகாது.

ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊருக்கு நாலு கொம்பும் இரண்டு முழவும் வாங்கித் தருவது பெரிய செலவல்ல. இந்தக் குழுக்களுக்குக் குறைவது நேரம். ஷிப்மென்ட் நெருங்கினால் ஞாயிறும் வேலை நாளாகிவிடுகிறது. ஒத்திகையில் பாதிப் பேரைக் காணோம். தேருக்கு நன்கொடை எழுதும் கம்பெனிகள், தங்கள் தொழிலாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையை உறுதியாக விட்டுக் கொடுக்கட்டும். கற்றுக்கொடுக்க ஆசான்களும் கற்க ஆட்களும் இங்கேயே இருக்கிறார்கள்.