எங்கள் வீட்டு ரயில்வே கேட்

சென்ற மாதம் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு ரயில்வே கேட் முளைத்தது. 7-ஆம் வகுப்பில் படிக்கும் என் மகனுடைய கைவேலை. 2016-இல் நிதி ஆயோக் ஆரம்பித்த அடல் டிங்கரிங் திட்டத்தில், 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் கையால் செய்து பார்ப்பதற்கென்றே பள்ளிக்கூடங்களில் ஓர் அறை ஒதுக்குகிறார்கள். அவன் பள்ளியிலும் அப்படி ஒன்று உண்டு. சிறு மோட்டாரைக் கொண்டு எதையாவது ஏறி இறங்கச் செய்ய வேண்டும் என்பது ஆசிரியர் உத்தரவு.

இரண்டு பென்சில் பாட்டரிகள், அதாவது 3 வோல்ட்டில் ஓடும் பொம்மை மோட்டார். அதன் அச்சில் நூலைக் கட்டி, மறுமுனையைக் கேட்டில் கட்டினான். ஸ்விட்சைத் தட்டியதும் கேட் விருட்டென்று எழுந்து மல்லாக்க விழுந்தது. கனமான குச்சியாக மாற்றினான். மோட்டார் முனகியதே தவிர அசையவில்லை, சூடேறிவிட்டது.

"ஓடுற மோட்டாரைவிட, ஓடவிடாமத் தடுத்த மோட்டார்தான்பா அதிகமாக் கரண்ட் இழுக்கும்" என்று எனக்குப் பாடம் சொல்லிக்கொண்டே அணைத்தான்.

இரண்டு நாள் பார்த்தேன். பெற்ற மனம் கேட்குமா? ரிச்சி தெருவுக்குப் போய், பல்சக்கரங்களோடு பெட்டியாகவே வரும் மோட்டார் ஒன்றை வாங்கி வந்து, அவன் தூங்கிய பிறகு மாட்டிவிட்டேன். கேட் கோயில் யானை மாதிரி நிதானமாக எழுந்தது. எனக்கு ஏகப் பெருமை.

காலையில் பையன் பார்த்தான். ஒன்றும் பேசாமல் அதைக் கழற்றி என் மேஜைமேல் வைத்தான்.

"நல்லா இருக்குப்பா. ஆனா இது ஏன் மெதுவாப் போகுதுன்னு சார் கேட்டா நான் என்ன சொல்றது?"

எனக்கும் தெரியாது. இன்னொருவர் எழுதிய கதைக்கு என் பெயரைப் போட்டு யாராவது அச்சடித்தால் நான் சும்மா இருப்பேனா? வெட்கமாகிவிட்டது.

அன்று மாலை என் தாயார் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தார். பையன் தரையில் உட்கார்ந்து சக்கரத்தையே பார்த்தான்.

"உன் கால் மெதுவாத்தானே போகுது பாட்டி, ஊசி மட்டும் எப்படிப் பறக்குது?"

"கீழே இருக்கிற பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினா மேலே சின்னது பல சுற்றுச் சுற்றணும்டா. பட்டை ஒண்ணுதானே!"

"அப்போ, சின்னதை மோட்டார் சுத்தினா?"

பாட்டியின் கால் நின்றது. பேரன் எழுந்து ஓடினான்.

அட்டையை வட்டங்களாக வெட்டி, மும்மூன்றாக அடுக்கி, நடு அட்டையைச் சிறிதாக்கிப் பள்ளம் உண்டாக்கினான். மோட்டார் அச்சு 2 மில்லிமீட்டர். ரப்பர் வளையம் பிடிக்கும் பள்ளம் 60 மில்லிமீட்டர். வேகம் 30 பங்கு குறைந்தது. அந்தச் சக்கரத்தின் 6 மில்லிமீட்டர் அச்சிலிருந்து அதே அளவில் இன்னொரு சக்கரத்துக்கு வளையம் மாட்டியதும் மேலும் 10 பங்கு. நிமிஷத்துக்கு 6,000 சுற்றுச் சுற்றும் மோட்டார் இப்படி 20 சுற்றாக அடங்கிவிடும். உராய்வில் போனது போக, குறைந்த வேகமெல்லாம் வலிமையாக வந்து சேரும். முன்பு அசைக்க முடியாத அதே குச்சியை அந்த மோட்டார் தூக்கிற்று.

சோதித்துப் பார்க்கிற சாக்கில் நான் கேட்டை விரலால் அழுத்திப் பிடித்தேன். ரப்பர் வளையம் வழுக்கியது.

"வழுக்குதேடா!"

"வழுக்கட்டும்பா. அதனாலதான் மோட்டார் நிக்காம ஓடுது, இல்லேன்னா சூடாயிடும். நீங்க கையை எடுங்க."

எடுத்தேன். கேட் மெல்ல மேலே போயிற்று.